65 வயதுக்கு முன் மெடிகேர்: கம்பெனி இன்சூரன்ஸும் இருந்தால் பில்லை முதலில் யார் கட்டுவது?

அமெரிக்காவில் உடல்நலக் குறைவால் வேலைக்குப் போக முடியாமல் போனவருக்கு சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு அமைப்பு தரும் எஸ்.எஸ்.டி.ஐ. உதவித்தொகை, வழக்கமாக 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், கம்பெனியின் மருத்துவக் காப்பீடு, எல்.டி.டி. என்னும் நீண்டகால வருமானக் காப்பீடு ஆகிய நான்கும் வெவ்வேறு நேரத்தில் கைக்கு வரும். ஒன்று இன்னொன்றைப் பற்றித் தானாகத் தெரிந்துகொள்ளாது. சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

முதலில் நாள் கணக்கு. எஸ்.எஸ்.டி.ஐ.க்கு முழு 5 மாதம் காத்திருப்பு. ஆறாம் மாதத்திலிருந்துதான் பணம். அந்த மாதத்திலிருந்து 24 மாதம் ஓடிய பிறகு மெடிகேர். ஆக, வேலை செய்ய முடியாமல் போனதாக சோஷியல் செக்யூரிட்டி ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து மொத்தம் 29 மாதம். கடிதம் வந்த தேதியிலிருந்து அல்ல. விண்ணப்பம், மேல்முறையீடு என்று ஒன்றரை வருடம் இழுத்திருந்தால், கடிதம் வரும்போதே மெடிகேர் பக்கத்தில் வந்திருக்கும். ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு காத்திருப்பும் கிடையாது. நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்புக்கு விதியே தனி. கீழே வருவது அதற்குப் பொருந்தாது.

இந்த 29 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். வேலை போனபின் கோப்ரா மூலம், அதாவது கம்பெனி இன்சூரன்ஸை நீங்களே பணம் கட்டித் தொடரும் சட்ட உரிமை மூலம், பழைய இன்சூரன்ஸ் 18 மாதம் ஓடும். கோப்ராவின் முதல் 60 நாளுக்குள்ளேயே உங்களால் வேலை செய்ய முடியாத நிலை இருந்ததாக சோஷியல் செக்யூரிட்டி தீர்மானித்தால் இன்னும் 11 மாதம் நீட்டிக்கலாம். 18-உம் 11-உம் 29. ஆனால் தானாக நீளாது. தீர்ப்புக் கடிதத்தின் நகலைத் தீர்ப்புத் தேதியிலிருந்து 60 நாளுக்குள், அதுவும் 18 மாதம் முடிவதற்குள், திட்ட நிர்வாகிக்கு அனுப்பியாக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு 70-ஆம் நாள் எடுத்தால், கெஞ்சினாலும் பலன் இருக்காது. பிரீமியம் திட்டத்தின் முழுச் செலவில் 102 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை ஏறலாம். விலை வயிற்றைக் கலக்கும்தான். தொடர் சிகிச்சையில் இருப்பவருக்கு வேறு நல்ல காப்பீடு கிடைக்காதவரை இதைக் கட்டுவதே மேல்.

மெடிகேர் வந்ததும் வரிசைப் பிரச்சினை தொடங்கும். 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விதி இதுதான்: இன்சூரன்ஸ் உங்களுடைய அல்லது குடும்பத்தில் ஒருவருடைய நடப்பு வேலையால் கிடைத்திருந்து, அந்த நிறுவனத்தில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால், கம்பெனி முதலில், மெடிகேர் பிறகு. 100-க்குக் கீழே என்றால் மெடிகேர் முதலில். பலர் சொல்லும் ‘20 ஊழியர்’ கணக்கு 65 தாண்டியவர்களுக்கானது.

சறுக்குவது ‘நடப்பு வேலை’ என்ற சொல்லில். “நீங்க இன்னும் எங்க எம்ப்ளாயிதான்” என்று ஹெச்.ஆர். சொல்லலாம், கம்பெனி அட்டையும் செல்லலாம். ஆனால் வேலைக்குப் போகாமல் எஸ்.எஸ்.டி.ஐ. வாங்கிக்கொண்டிருந்தால் மெடிகேர் கண்ணில் அது நடப்பு வேலை அல்ல. கம்பெனியில் பத்தாயிரம் பேர் இருந்தாலும் மெடிகேர்தான் முதலில் கட்டும். கோப்ராவுக்கும் இதே கதி. கணவனோ மனைவியோ குடும்பத்தில் வேறு ஒருவரோ பெரிய கம்பெனியில் இன்னும் வேலையில் இருந்து, அந்த இன்சூரன்ஸில் நீங்கள் இருந்தால் மட்டும் வரிசை திரும்பும்.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, “கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே” என்று மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யை மறுத்துவிடுபவர்கள் உண்டு. 2026-இல் அதன் வழக்கமான பிரீமியம் மாதம் 202.90 டாலர், மிச்சப்படுத்தத் தோன்றும். டாக்டர் பில்லில் 1,000 டாலர் அனுமதிக்கப்பட்ட தொகை என்று வையுங்கள். மெடிகேர் 800 கட்டியிருக்கும் என்று கம்பெனித் திட்டம் கணக்குப் போட்டு, மிச்ச 200-ஐ மட்டும் கொடுக்கலாம். அந்த 800 உங்கள் தலையில். தாமதமாகச் சேர்ந்தால் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம் வேறு. நடப்பு வேலையின் இன்சூரன்ஸால் பார்ட் பி-யைத் தள்ளிப்போட்டவருக்கு, வேலையோ இன்சூரன்ஸோ, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து 8 மாத அவகாசம். அந்த 8 மாதத்தை கோப்ரா நீட்டாது. விண்ணப்பத்துக்கு மெடிகேரை நடத்தும் அமைப்பான சி.எம்.எஸ்.ஸின் 40பி படிவம்; கூடவே கம்பெனி நிரப்பித் தரும் எல்564. இரண்டாவதைத்தான் ஹெச்.ஆர். இழுத்தடிப்பார்கள், முதலில் அதைக் கேளுங்கள்.

ஹெச்.எஸ்.ஏ. என்னும் வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுபவர்கள் மெடிகேர் தொடங்கும் மாதத்திலிருந்து நிறுத்திவிட வேண்டும். இருக்கும் பணத்தைச் செலவழிக்கலாம்.

எல்.டி.டி. பற்றி ஒரு எச்சரிக்கை. மாதச் சம்பளம் 5,000 டாலர், பாலிசி 60 சதவீதம் என்றால் 3,000 வரும். பிறகு எஸ்.எஸ்.டி.ஐ. 1,800 கிடைத்தால், பெரும்பாலான பாலிசிகளில் அதைக் கழித்துக்கொண்டு 1,200 மட்டுமே தருவார்கள். பத்து மாத நிலுவை 18,000 டாலர் மொத்தமாக வங்கிக்கு வரும்போது லாட்டரி அடித்த மாதிரி இருக்கும். அது உங்கள் பணம் அல்ல. அந்தப் பத்து மாதமும் 3,000 கொடுத்த காப்பீட்டு நிறுவனம் திருப்பிக் கேட்கும். வழக்கறிஞர் கட்டணம் நிலுவையில் 25 சதவீதம், அதாவது 4,500, போயிருந்தால் பல பாலிசிகள் அதைக் கழித்து 13,500 கேட்கும். கணக்கு எழுத்தில் வரும்வரை அதைத் தொடாதீர்கள். உங்கள் எஸ்.எஸ்.டி.ஐ.யால் பிள்ளைகளுக்கு வரும் தொகையையும் சில பாலிசிகள் கழிக்கும். அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

வரிசை தெளிவானதும் மூன்று இடத்தில் சொல்லுங்கள்: யார் முதலில் கட்டுவது என்பதைக் கவனிக்கும் மெடிகேரின் பி.சி.ஆர்.சி. மையம், கம்பெனி இன்சூரன்ஸ், ஒவ்வொரு டாக்டரின் பில்லிங் பிரிவு. மூன்றாவதை விட்டால் பில் தவறான இடத்துக்குப் போய், “முதல் பொறுப்பு எங்களுடையது அல்ல” என்று திரும்பும். மெடிகேருக்கு பில் அனுப்பும் கெடு சிகிச்சை நாளிலிருந்து ஒரு வருடம். பந்து இங்கும் அங்கும் உருள்வதிலேயே அது தீர்ந்துபோகும். முதல் காப்பீடு எவ்வளவு கட்டியது என்று காட்டும் ஈ.ஓ.பி. தாள் இல்லாமல் இரண்டாவது எதுவும் தராது.

மறுபடி வேலைக்குப் போனால் உதவித்தொகையை இழக்காமல் வேலை செய்து பார்க்கும் 9 மாதச் சோதனைக் காலத்துக்குப் பிறகும் மெடிகேர் குறைந்தது 93 மாதம் தொடரும். ஆனால் 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கம்பெனியில் இன்சூரன்ஸோடு சேர்ந்தால் வரிசை மறுபடி திரும்பிவிடும். அந்த மூன்று இடத்துக்கும் மறுபடி போன் போடுங்கள். இல்லையென்றால் தான் முதலில் கட்டிய பணத்தை மெடிகேர் பின்னால் திருப்பிக் கேட்கும்.