பழைய வயரில் புது வயரைப் பூட்டும்போது: நிறக்குறி மாற்றுவது எப்படி

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீட்டுக்கு மேல்மாடி எழுப்பினால், கீழே சிவப்பு-கறுப்பு வயர், மேலே மண்ணிறம்-நீலம். ஒரே லைவ் வயர் வரும் சிங்கிள் பேஸில் பெரிய குழப்பமில்லை. சிவப்போடு மண்ணிறம், அது லைவ். கறுப்போடு நீலம், அது நியூட்ரல். எர்த் பச்சை-மஞ்சள், பழையதில் வெறும் பச்சையாகவும் இருக்கும்.

மூன்று லைவ் வயர் வரும் த்ரீ பேஸில்தான் வினை. பழைய முறையில் பேஸ் மூன்றும் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. பிஎஸ் 7671 என்ற பிரிட்டிஷ் வயரிங் விதி 2004இல் மாறியதிலிருந்து பேஸ்கள் மண்ணிறம், கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். கீழிருந்து வரும் பழைய நீலத்தை மேல்மாடி டிபியின் (கரண்ட் பிரிந்து போகும் பெட்டியின்) நியூட்ரல் பாரில் பூட்டிவிட்டால், 230 வோல்ட் ஃபேனுக்கும் ஃபிரிஜ்ஜுக்கும் 400 வோல்ட் போகும். சுவிட்சைப் போட்டதும் புகைதான்.

ஆகவே நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். மெயின் சுவிட்சை நிறுத்தி, வேறு யாரும் போடாதபடி பூட்டுங்கள். மல்டிமீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் சரிபார்த்து, பிறகு லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளந்து, மீட்டரைத் திரும்பவும் சரிபாருங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் இதற்குப் போதாது. எந்த வயர் எங்கே போகிறது என்பதை மீட்டரின் கன்டினியூட்டி (வயர் தொடர்ச்சி) சோதனையை வைத்துப் பிடியுங்கள்.

நிறக்குறியை வயரின் இரு முனைகளிலும், இடையில் உள்ள ஒவ்வொரு ஜாயின்ட் பெட்டியிலும் போட வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்ட குறி போடாததைவிட மோசம். புறக்கோட்டையில் வாங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவில் (சூடுபட்டால் சுருங்கும் குழாயில்) 15 மில்லிமீட்டர் வெட்டி, டெர்மினலில் பூட்டுமுன்பே நுழைத்துச் சுருக்குங்கள். இன்சுலேஷன் டேப் நம் வெக்கையில் பசை இளகிக் கழன்றுவிடும்.

லைட் சுவிட்சுக்கு இறங்கும் கறுப்பு பெரும்பாலும் நியூட்ரல் அல்ல, சுவிட்சிலிருந்து பல்புக்குத் திரும்பும் லைவ். அதற்கு மண்ணிற ஸ்லீவ் கட்டாயம். இல்லாவிட்டால் சீலிங் ரோஸை (கூரையில் பல்பு வயர் சேரும் வட்ட மூடியை) திறக்கும் அடுத்த ஆள் அதை நியூட்ரல்களோடு முறுக்கிவிடுவார். சுவிட்சைப் போட்டதும் ஷார்ட்.

வயர் தட்டுப்பாடு என்று பச்சை-மஞ்சளுக்கு மண்ணிற டேப் சுற்றி லைவாக ஓட்டுவது சிலருக்குப் பழக்கம். அது எர்த்துக்கு மட்டுமே உரியது. வேறு நிறம் போட்டு மாற்ற விதியில் இடமில்லை. இன்னொரு வயரை இழுங்கள்.

டிபி மூடியில் “இங்கே பழைய, புதிய நிறங்கள் இரண்டும் உண்டு” என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவையுங்கள். த்ரீ பேஸ் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.