தெருச் சாலையின் கணக்கைக் கேட்பது எப்படி? முதல் ஆர்.டி.ஐ. மனு எழுதுகிறவர்களுக்கு

புதிதாகப் போட்ட தார்ச்சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. கேட்டால் "மேலே கேளுங்கள்" என்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐ (ஆர்.டி.ஐ.) கையில் எடுக்க இதைவிட நல்ல தருணம் இல்லை. வக்கீல் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாயும் போதும்.

1. "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்

நான் எழுதிய முதல் மனுவில் "எங்கள் தெருச் சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது? இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டிருந்தேன். "இது தகவல் கோருவதாக இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபம் வந்தது, ஆனால் சட்டப்படி அந்தப் பதிலில் தவறில்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவைத்தான் அவர்கள் தர வேண்டும். விளக்கமோ கருத்தோ எழுதித் தரக் கடமை இல்லை.

அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எங்கோ ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சாலைக்கு இப்படிக் கேட்கலாம்:

- இன்ன தெருவில், இன்ன நிதியாண்டில் நடந்த சாலைப் பணியின் மதிப்பீட்டு (எஸ்டிமேட்) நகல்
- பணி ஆணை, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்
- அளவுப் புத்தகத்தில் (எம்-புக்) இந்தப் பணிக்கான பக்கங்களின் நகல்
- ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில்களின் நகல்
- சாலை பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் எதுவரை என்று காட்டும் ஆவணம்

இவற்றில் எம்-புக்தான் முக்கியம். நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்து பொறியாளர் எழுதுவது அதில்தான். அதை வைத்துத்தான் பில் போடுகிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பிரிவு 2(ஜே)-யின்படி பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. காகிதத்தோடு நிற்க வேண்டியதில்லை.

2. முதலில் இணையதளத்தைப் பாருங்கள்

பிரிவு 4(1)(பி), யாரும் கேட்காமலேயே 17 வகைத் தகவல்களை அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. பட்ஜெட், ஊழியர் சம்பளம், பொதுத் தகவல் அலுவலரின் (ஆர்.டி.ஐ. மனுக்களைப் பெற்றுப் பதில் தருபவர்) பெயர் எல்லாம் அதில் அடங்கும். பல இடங்களில் பழைய தகவலே கிடக்கும். இருந்தாலும் யாருக்கு எழுத வேண்டும் என்பதாவது தெரியவரும்.

3. எழுதி அனுப்புங்கள்

"பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம், (ஊர்)" என்று முகவரி போடுங்கள். "தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)-இன் கீழ் மனு" என்று தலைப்பிட்டு, மேலே சொன்னவற்றை எண்ணிட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவே வேண்டாம். பிரிவு 6(2) அதைக் கேட்கக் கூடாது என்கிறது. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) மனுவில் ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது, சான்று மட்டும் இணைக்க வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் மனுவின் ஒரு நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

4. நாளை எண்ணுங்கள்

மனு கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். நகலுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள், ஏனென்றால் அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் கட்டும்வரை உள்ள நாட்கள் இந்த 30-இல் சேராது. கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதித் தரவும் வேண்டும்.

5. பதில் வராவிட்டால்

அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு எழுதுங்கள். அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அப்புறமும் கிடைக்கவில்லையா? 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே, மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது, உங்களுடையது அல்ல. தக்க காரணமின்றித் தாமதித்தவருக்கு நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் காத்திருப்பு நீளும். தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.

6. நகல் வந்ததும்

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1990-களில், ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு கிராமத்து வேலைகளின் கணக்கை ஊர் நடுவே உரக்க வாசித்தது. செய்யாத வேலைக்குக் கூலி வாங்கியதாகப் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து மறுத்தார்கள்.

நீங்களும் அதையே செய்யலாம். எம்-புக் நகலோடு ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து வீட்டாரைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள். எழுதியிருக்கும் நீளத்தையும் அகலத்தையும் ஒருவர் வாசிக்கட்டும், இருவர் அளக்கட்டும். வித்தியாசம் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட்டு, நகலை இணைத்து, நகராட்சி ஆணையருக்கு மனு கொடுங்கள்.