ஆளில்லாமல் ஓடப்போகும் வண்டி: பழைய சுஸுக்கி சாமுராயைச் சீர்செய்து மோட்டார்ஹோமின் பின்னால் இழுத்துச் செல்வது எப்படி?

அமெரிக்காவில் குளிர் தொடங்கியதும் வடக்கு மாநிலங்களின் ஓய்வுபெற்றவர்கள் மோட்டார்ஹோம்களை, அதாவது வீடாகவே அமைந்த பெரிய வண்டிகளை, எடுத்துக்கொண்டு தெற்கே இறங்கிவிடுவார்கள். அரிசோனாவில் குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைவனம் ஜனவரி மாதத்தில் திருவிழாத் திடல் போலாகிவிடும். அங்கே வந்து நிற்கும் பெரிய வண்டிகள் பலவற்றின் பின்னால், நான்கு சக்கரங்களும் தரையில் உருள, ஒரு சிறிய கார் கன்றுக்குட்டியைப் போல ஒட்டிக்கொண்டு வரும். பத்து மீட்டர் நீள வீட்டை ஓட்டிக்கொண்டு பால் வாங்கப் போக முடியுமா? அதற்குத்தான் அந்தக் கார். 'டோட்' என்று செல்லமாகச் சொல்வார்கள். 'இழுக்கப்படுவது' என்பதற்கும் தேரைக்கும் ஆங்கிலத்தில் ஒலி ஒன்றுதான். அந்த வேடிக்கையில் பிறந்த பெயர்.

என்னுடைய தேரை 1987ஆம் ஆண்டு சுஸுக்கி சாமுராய். நம் ஊர்ச் சாலைகளில் போலீஸும் ராணுவமும் ஓட்டிய மாருதி ஜிப்சியின் உடன்பிறப்பு. ஜிப்சி நீளமானது, இது குட்டை. எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. ஏணி போன்ற தனிச் சேஸ், கையால் மாற்றும் கியர், நியூட்ரல் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி), முன்சக்கரத்தில் கையாலேயே திருகி விடுவிக்கக்கூடிய ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் நடுப்பகுதி). இழுத்துச் செல்ல இதைவிடத் தோதான பழைய வண்டி கிடைப்பது கடினம். எல்லாக் கார்களையும் இப்படி இழுக்க முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் ஆயில் சுற்றும். எஞ்சினை அணைத்துவிட்டு இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வறண்டு தேய்ந்து கருகிவிடும். உங்கள் வண்டியின் கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தைப் படிக்காமல் ஒரு போல்ட்டைக்கூட வாங்காதீர்கள்.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்: இழுக்கப்படும் காரில் ஆள் இல்லை. ஸ்டீரிங் நடுங்கினால் உணரும் கை இல்லை. பிரேக் தீய்ந்தால் முகரும் மூக்கு இல்லை. டயர் வெடித்தால் கேட்கும் காதும் இல்லை. அதனால் சீர்செய்யும் வரிசையே மாறுகிறது. பளபளக்கும் பெயின்ட் கடைசியில். எனக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை.

முதலில் கணக்கு

மோட்டார்ஹோமின் ஓட்டுநர் பக்கத்திலோ கதவருகிலோ எடைத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். வண்டியும் அது இழுப்பதும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பது அதிலோ கையேட்டிலோ இருக்கும். தண்ணீர், எரிபொருள், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் மோட்டார்ஹோமை லாரி எடைமேடையில் ஏற்றி நிறுத்துங்கள். கூட்டு எடை வரம்பு 26,000 பவுண்டு, ஏற்றிய வண்டி 22,000 பவுண்டு என்றால் மிச்சம் 4,000. பின்னால் உள்ள கொக்கியில் 5,000 என்று எழுதியிருந்தாலும் உங்கள் வரம்பு 4,000தான். இழுவைச் சட்டம் (இரண்டு வண்டிகளையும் இணைக்கும் இரும்புச் சட்டம்), அடித்தட்டு (அதை மாட்டக் காரின் முன்பக்கச் சேஸில் பொருத்தும் தகடு), கொக்கி, கூட்டு எடை இவற்றில் எது குறைவோ அதுதான் கணக்கு. சாமுராய் சுமார் 2,100 பவுண்டு என்பதால் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

வாங்கும்போது ஒரு ஸ்குரூடிரைவர் போதும்

பனிக்கு உப்பு தூவும் மாநிலத்தில் ஓடிய வண்டியா, பாலைவனத்தில் நின்ற வண்டியா என்று முதலில் கேளுங்கள். பாலைவன வண்டியில் சீட்டும் ரப்பரும் வெயிலில் பொடியாகியிருக்கும்; இரும்பு பிழைத்திருக்கும். ரப்பரை வாங்கிக்கொள்ளலாம். உப்பு தின்ற சேஸை என்ன செய்வது?

கம்பளத்தைத் தூக்கிவிட்டுத் தரைத் தகட்டைக் குத்திப் பாருங்கள். பிறகு உடல் சேஸின்மேல் உட்காரும் இடங்கள், முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி, ஷாக் அப்சார்பர் மாட்டிய இடங்கள். தரைத் தகட்டில் ஓட்டை விழுந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கலாம். கற்றுக்கொள்ளவும் நல்ல இடம். சேஸில், அதிலும் முன்பகுதியில், ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கினால் விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். இழுவையின் முழு விசையும் அங்கேதான் விழப்போகிறது.

எஞ்சினை எழுப்புதல்

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்று வந்தால் உயிர் இருக்கிறது. பழைய பெட்ரோல் வார்னிஷ் போல நாறும். டாங்கிலிருந்து முழுவதும் இறக்கிவிட்டு, எரிபொருள் ஹோஸ்களை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியவில்லையா? மாற்றிவிடுங்கள். எஞ்சின் பற்றி இவ்வளவு போதும். பயணத்தில் பெரும்பாலான மைல்கள் அது தூங்கிக்கொண்டுதான் வரப்போகிறது.

கியர்பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் ஆக்சில்கள் ஆகிய நான்கிலும் ஆயில் மாற்றுங்கள். ஒரு சின்னப் பாடம்: ஆயில் ஊற்றும் மூடியை முதலில் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் மூடியைத் திறக்க வேண்டும். வடித்துவிட்டு, மேல் மூடி துருவேறித் திறக்க மறுத்தால் வண்டி அதே இடத்தில் கிடக்கும்.

முன்சக்கரங்கள்: இங்கே அவசரப்படாதீர்கள்

இழுக்கும்போது மோட்டார்ஹோம் திரும்பினால், பின்னால் வரும் காரின் முன்சக்கரங்கள் தாமாகத் திரும்ப வேண்டும். கடைத் தள்ளுவண்டியின் சக்கரம் இழுத்த பக்கம் திரும்புகிறதே, அதே தத்துவம். தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று ஆடுவதையும் பார்த்திருப்பீர்கள். அதே ஆட்டம் காருக்கு வந்தால், பன்னிரண்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங் அல்லது கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங். உதவியாளர் ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போதும் ஆடினால் கிங்பின் பக்கம் சந்தேகப்படலாம். இடமும் வலமும் கை வைத்து ஆட்டினால் ஸ்டீரிங் மூட்டுகள் தெரியவரும். சாமுராயில் முன்சக்கர உருண்டை மூட்டின் சீல் கசிந்து கிரீஸ் வழிவது பழைய வியாதி. பேரிங்கைத் தொடும்போதே சீலையும் மாற்றிவிடுங்கள். ஸ்டீரிங் நடுக்கத்தை அடக்கும் டேம்பரைப் புதிதாகப் போடுவது நல்லதுதான். தேய்ந்த பேரிங்கை மறைக்க அதைப் போடுவது ஏமாற்று வேலை. வண்டியை உயர்த்தும் கிட்டுகள் பக்கமும் போகவேண்டாம். உயரமும் குறுகிய அகலமும் கொண்ட வண்டி இது. 1988ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க நுகர்வோர் இதழ் இது எளிதில் கவிழும் என்று எழுத, அதன்மேல் சுஸுக்கி தொடுத்த வழக்கு 2004 வரை இழுத்தது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பூ (தரையைத் தொடும் பள்ள வரிகள்) நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றழுத்தத்தை மோட்டார்ஹோமில் காட்டும் சென்சார்களும் வாங்கிவிடுங்கள். பஞ்சரான டயர் பின்னால் துண்டுதுண்டாகக் கிழிந்துகொண்டிருக்க, முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு.

பிரேக்

பின்பக்க டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள், தேவைப்பட்டால் மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றை மாற்றுங்கள். பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிக் காற்றை எடுங்கள். இதுவரை எல்லாப் பழைய வண்டிக்கும் பொதுவான வேலை. அடுத்ததுதான் தேரைக்கு மட்டும் உரியது: மோட்டார்ஹோம் பிரேக் போடும்போது காரும் தானாகப் பிரேக் போடவேண்டும். எத்தனை எடைக்குமேல் இது கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பலவற்றில் 3,000 பவுண்டு. என் வண்டி அதற்குக் கீழேதான். இருந்தும் போட்டேன். இறக்கத்தில் ஒரு டன் இரும்பு முதுகில் தள்ளும்போது சட்டப்புத்தகம் உதவிக்கு வராது.

தொடங்குபவர்களுக்கு ஏற்றது தரையில் வைக்கும் பெட்டி. ஓட்டுநர் சீட்டுக்கும் பிரேக் மிதிக்கும் நடுவில் உட்கார்ந்து, வேகம் குறைவதை உணர்ந்து மிதியை அழுத்தும். மாட்டும் முன், எஞ்சினை அணைத்துவிட்டு மிதியை நாலைந்து முறை அழுத்தி, பூஸ்டரில் (மிதியின் விசையைக் கூட்டும் கருவி) மிஞ்சியிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பிரேக்கிலேயே சக்கரம் இறுகிவிடும். கூடவே ஒரு துண்டிப்பு சுவிட்சும் தேவை: கார் கழன்றுபோனால் கம்பி இழுபட்டு, ஊசி வெளியே வந்து, காரின் பிரேக் தானாக விழும்.

அடித்தட்டும் இழுவைச் சட்டமும்

அடித்தட்டைச் சேஸில் போல்ட் போட்டு மாட்டவேண்டும், பம்பரில் கூடாது. பம்பர் அழகுக்கு. தகட்டைத் தயாரித்தவர் சொன்ன தரமுள்ள போல்ட்டுகள், முறுக்கு அளவு, போல்ட் தளராமலிருக்க மரையில் தடவும் பசை மூன்றையும் கடைப்பிடியுங்கள். பற்றவைக்க வேண்டியிருந்தால் அதற்கென்று தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் தரைத் தகடு வரைதான் துணிந்தேன்.

இழுவைச் சட்டம் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கவேண்டும். மோட்டார்ஹோம் பக்கம் நாலு அங்குலத்துக்குமேல் உயர்ந்து நின்றால், பிரேக் போடும்போது கார் அதன் அடியில் நுழையப் பார்க்கும். உயரத்தைச் சரிசெய்ய இறங்கு கொக்கி கிடைக்கும். பாதுகாப்புக் கம்பிகள் இரண்டையும் சட்டத்துக்குக் கீழே குறுக்காகப் பின்னி மாட்டுங்கள்.

விளக்கு

நான்கு வயர்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். மோட்டார்ஹோம்கள் பலவற்றில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு விளக்கு. காரில் தனித்தனியாக இருந்தால் நேராக இணைக்க முடியாது. டையோடு, கன்வெர்ட்டர் என்று வழிகள் உண்டு. முப்பது ஆண்டுக்கும் மேலான வயரிங்கை நம்பாதவன் நான். பின்விளக்குக் கூட்டில் துளையிட்டுத் தனி பல்பு வைத்து, தனி வயர் இழுத்தேன். காரின் மின்சாரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மாட்டும் வரிசை

சமதளத்தில், நேராக நிறுத்தி மாட்டுங்கள். சட்டம், ஊசி, கிளிப், கம்பிகள், வயர், துண்டிப்புக் கம்பி. பிறகு காருக்குள்: முன் ஹப்கள் இரண்டும் விடுபட்ட நிலையில், டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில், கியர் கையேடு சொல்லும் இடத்தில், ஸ்டீரிங் பூட்டு விடுபடும் அளவுக்குச் சாவி திருகியிருக்க. சாவி அந்த நிலையில் இருந்தால் பாட்டரி மெல்லக் கரையும். ரேடியோ ஃபியூஸை எடுத்துவிடுங்கள். கை பிரேக்கை இறக்குங்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், என் முதல் பயணத்தில் நான் இறக்கவில்லை. நாலு மைல் தாண்டி, பக்கத்தில் வந்த லாரிக்காரர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். நானும் நட்பாகக் கை காட்டினேன். நிறுத்திப் பார்த்தபோது பின் டிரம்மில் தோசை சுட்டிருக்கலாம்.

முதல் பத்து மைலில் நிறுத்தி, நான்கு சக்கர ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. அதன்பின் சுமார் 200 மைலுக்கு ஒருமுறை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்க, கியர் போட்டு, கிளட்சை விட்டு, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேன். உள்ளே ஆயில் சுற்றும். உங்கள் கையேடு வேறு இடைவெளி சொன்னால் அதைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்கு மணிக்கு 55 மைல்தான் உச்சம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக ஒன்று: நான்கு சக்கரமும் தரையில் உருளும் காரோடு பின்னால் எடுக்க முடியாது. முன்சக்கரங்கள் கோணலாகத் திரும்பி, சட்டமோ அடித்தட்டோ வளைந்துவிடும். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் கழற்றித்தான் ஆகவேண்டும். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன் வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் நுழைந்து, பின்னால் ஆறு வண்டிகள் ஹாரன் அடிக்க, இறுகிப்போன ஊசியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் மூன்றாவதாக நின்ற பாட்டி இறங்கிவந்து, காரைக் கையளவு முன்னால் தள்ளினால் ஊசி இளகும் என்றார். தள்ளினோம். இளகியது.