உப்புக் காற்றில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முதலில் தகட்டைப் பாருங்கள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ வீட்டிலேயே பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்க விரும்புவோர், எஞ்சினைத் திறப்பதற்கு முன் காரின் உடல் தகட்டைச் சோதிக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு, கதவின் கீழ் விளிம்பிலும் தரைத்தகட்டின் மூலைகளிலும் வெளியே தெரியாமலேயே துருவை வளர்த்துவிடும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை அங்கெல்லாம் நகர்த்திப் பாருங்கள்: பிடிக்காமல் நழுவினால், பெயிண்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இரும்பல்ல, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டிதான்.

1962-இல் அறிமுகமான எம்.ஜி.பி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் போன்ற, தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத திறந்த கார்களில், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் கதவடிப் பெட்டித் தகடே எடையைத் தாங்குகிறது. எனவே அதை வெட்டுவதற்கு முன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய் கொடுத்து இறுக்காவிட்டால், உடல் தொய்ந்து கதவு பிறகு பொருந்தாது.

துருவைத் தேய்த்துப் பளபளக்கும் தகட்டை இரவு முழுவதும் வெறுமனே விட்டால், காலையில் செம்மஞ்சள் பூத்திருக்கும். ஒரே கதவை நான் இருமுறை தேய்த்தது இப்படித்தான். ஆகவே அன்றைக்கே பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் தேய்ப்பதும், தேய்த்த இடத்தை வெறுங்கையால் தொடாதிருப்பதும் அவசியம், ஏனெனில் வியர்வையிலும் உப்பு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழையில் பெயிண்ட் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.