புதுச்சேரி வீட்டில் 4×5 கேமரா: எக்ஸ்ரே பிலிமில் முதல் நெகட்டிவ்

4×5 அங்குலத் தாள் பிலிமில் படம் எடுப்பதற்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு இருட்டறைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றில் டெவலப்பரின் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் திரவத்தின்) வெப்பநிலை "20 டிகிரி செல்சியஸ்" என்று ஒரே வரியில் கடந்துபோகும் செய்தி, மே மாதத்தில் குழாயைத் திறந்தால் 30 டிகிரிக்கு மேல் தண்ணீர் வரும் புதுச்சேரி வீட்டில் முதல் தடையாக வந்து நிற்கிறது. ஆகவே, முதல் நெகட்டிவை விலை மிகுந்த தாள் பிலிமில் முயலாமல் மருத்துவ எக்ஸ்ரே பிலிமில் முயலுமாறு பரிந்துரைக்கிறேன். அது மலிவானது, சிவப்பு வெளிச்சம் அதைப் பாதிப்பதில்லை. அதனால் கடிகாரத்தை நம்பாமல், படம் உருவாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப்பரில் கழுவி முடிக்கலாம். ஷட்டர் வேகம், அபெர்ச்சர் ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கேமரா

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ மூடப்பட்ட ஸ்டுடியோக்களிலோ பழைய மரக் கேமரா கிடைத்தால், வாங்குவதற்கு முன் அதன் பின்புற அளவை அளந்து பாருங்கள். கேரளத்தின் ஆலப்புழையில் செய்யப்பட்ட வாகீஸ்வரி போன்ற தேக்குமரக் கேமராக்கள் அழகானவை. ஆனால் அவற்றில் பல, கண்ணாடித் தட்டுக் காலத்து அளவுகளில் இருப்பதால் பிலிமை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவில் செருகும் இன்றைய 4×5 ஹோல்டர் பொருந்தாது. தொடங்குவோருக்கு, மடிக்கக்கூடிய எளிய 4×5 கேமராவும் 150 மி.மீ. லென்ஸும் போதும். வாங்கியதும் இரவில் கைப்பேசி விளக்கைப் பெல்லோஸுக்குள் (லென்ஸையும் கேமராவின் பின்புறத்தையும் இணைக்கும் மடிப்புப் பைக்குள்) எரியவிட்டு, மடிப்பு மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் லென்ஸில் பூஞ்சை படிவது விரைவு என்பதால், அதை சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

பிலிமை வெட்டுதல்

எக்ஸ்ரே பிலிம் 8×10 அங்குல அளவில் கிடைக்கிறது. அதை நான்காக வெட்டினால் நான்கு 4×5 தாள்கள் கிடைக்கும் என்று கணக்குப் போடுவது இயல்பு. அந்தக் கணக்கில்தான் சிக்கல் இருக்கிறது. 4×5 என்பது பெயரளவு மட்டுமே. உண்மையான தாள் பிலிம் ஏறத்தாழ 100 × 125 மி.மீ.தான் இருக்கும், ஹோல்டரின் தண்டவாளங்களும் அந்த அளவுக்கே செய்யப்பட்டவை. சரிபாதியாக வெட்டிய துண்டு 101.6 × 127 மி.மீ. வரும்; அது ஹோல்டருக்குள் பாதி தூரம் போய் நின்றுவிடும், அல்லது நடுவில் மேடிட்டு வளைந்து குவியத்தைக் கெடுத்துவிடும். எனவே வெட்டும் பலகையில் 99.5 மி.மீ. மற்றும் 124.5 மி.மீ. தொலைவில் அட்டைத்துண்டை ஒட்டித் தடுப்பு அமைத்துக்கொண்டு, பிலிமை அதில் முட்டவைத்து வெட்டுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் அளவுகோலின் கோடுகளைப் படிப்பது கடினம். தடுப்பு இருந்தால் படிக்க வேண்டிய தேவையே இல்லை. கத்தரிக்கோலைத் தவிர்த்துவிட்டு, கைப்பிடியுள்ள பேப்பர் கட்டரைப் பயன்படுத்துங்கள்.

சிவப்பு விளக்கைப் பற்றி ஒரு சொல். சாயம் பூசிய ஜீரோ வாட் பல்பை நான் நம்புவதில்லை. சாயம் மெலிந்த இடங்களில் வெள்ளை ஒளி கசியும். சிவப்பு எல்.இ.டி. விளக்கை வாங்கிச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். பிலிம் துண்டின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஐந்து நிமிடம் விளக்கின் கீழ் விட்டபின் கழுவிப் பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு உதவாது.

ஹோல்டரில் ஏற்றுதல்

குளியலறையே போதும். சன்னல் கண்ணாடிப் பலகைகளைக் கறுப்புத் துணியால் மூடி, தரையையும் சுவரையும் ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்வை பிலிமில் அச்சாகப் பதியும் என்பதால், தாளை ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும். கைகளை நுழைத்து வேலை செய்யும் சேஞ்சிங் பையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் உள்ளே ஆவி பிடித்ததுபோல் ஆகிவிடும் அந்தப் பை நம் ஊருக்கு ஏற்றதன்று.

வழக்கமான தாள் பிலிமில் மருந்துப் பூச்சு எந்தப் பக்கம் என்பதை ஓரத்து வெட்டுக்குறியைத் தடவி அறிய வேண்டும். சாதாரண எக்ஸ்ரே பிலிமில் இருபுறமும் பூச்சு இருப்பதால் எந்தப் பக்கம் வைத்தாலும் சரி. தாள் இருபுறத் தண்டவாளங்களுக்கும் அடியில் போயிருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்: ஏற்றியபின் விரல்நுனியால் தாளின் விளிம்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள், எழும்பக்கூடாது. ஹோல்டரை மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் புதிய பிலிம், கறுப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்து முடித்த பிலிம் என்பது உலக வழக்கம்.

படம் எடுத்தல்

அசையாத, சாய்வெயில் விழும் ஒன்றை எடுங்கள். தொடர்வண்டி நிலையத்துக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் பசிலிக்கா நல்ல பயிற்சி. கேமராவை அண்ணாந்து சாய்க்காமல் நேராக வைத்து, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தினால் கோபுரங்கள் பின்னோக்கிச் சாயாமல் நிமிர்ந்து நிற்பதைக் கேமராவின் பின்புறத்து மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் தலைகீழாகக் காண்பீர்கள். கடற்கரைச் சாலையிலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் எடுப்பவர்கள் காலையிலேயே முடித்துவிடுங்கள். கடற்காற்று எழுந்தபின் பெல்லோஸ் பாய்மரமாகிவிடும்.

லென்ஸை முழுதும் திறந்து குவியம் பார்த்து, எப் 22-க்குக் குறைத்து, ஷட்டரை மூடிய பிறகே ஹோல்டரைச் செருகி டார்க் ஸ்லைடை உருவ வேண்டும். இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அருகிலுள்ள பொருளுக்காகப் பெல்லோஸை நீட்டினால் ஒளி குறையும்: 150 மி.மீ. லென்ஸைப் பிலிமிலிருந்து 210 மி.மீ. தொலைவுக்கு நீட்டினால், வெளிச்சம் கொடுக்கும் நேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்க வேண்டும். இதற்குச் செயலிகள் உள்ளன. தையல்காரரின் டேப்பே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பச்சை ஒளி உணரும் எக்ஸ்ரே பிலிமைப் பகல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 80 அளவில் வைத்துத் தொடங்கலாம். அது சிவப்பைக் காணாது. ஆகையால் மாலையின் செவ்வொளியில் மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். துய்மா வீதியின் மஞ்சள் சுவர்கள் கண்ணுக்குத் தெரிவதைவிட இருண்டும், வெள்ளைக் கரைகள் பளிச்சென்றும் வரும். சிவப்புச் சேலை ஏறத்தாழக் கறுப்பாகிவிடும். ஒளிச் சிதறலைத் தடுக்கும் பூச்சு இல்லாததால், பளபளப்பான இடங்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமும் தோன்றலாம். அந்த ஒளிவட்டம் எனக்குப் பிடிக்கும்.

கழுவுதல்

மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் வேண்டும். சமையலறைக்கு அவை திரும்பக்கூடாது. எக்ஸ்ரே பிலிம் இயல்பாகவே அழுத்தமான கறுப்பு வெள்ளை காட்டும் என்பதால் டெவலப்பரை நீர்க்கக் கலக்க வேண்டும்: ரோடினால் என்ற டெவலப்பர் ஒரு பங்கு, தண்ணீர் நூறு பங்கு. ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கழுவும் நேரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். 20 டிகிரியில் எட்டு நிமிடம் ஆவது 28 டிகிரியில் பாதிக்கும் கீழே போய்விடும். நேரம் அவ்வளவு சுருங்கினால் படத்தில் திட்டுத்திட்டாக ஏற்றத்தாழ்வு வரும். 20 டிகிரிக்காகப் போராடாமல் 24 டிகிரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய தட்டில் தண்ணீரும் பனிக்கட்டியும் இட்டு, அதற்குள் டெவலப்பர் தட்டை வையுங்கள். பனிக்கட்டியை டெவலப்பருக்குள்ளேயே போட்டால் கலவை விகிதம் கெட்டுவிடும். அடுத்துவரும் திரவங்களும் அலசும் நீரும் இதே வெப்பநிலையை ஒட்டியே இருக்கட்டும், ஏனென்றால் ஊறி மென்மையான ஜெலட்டின் திடீர் மாற்றத்தில் சுருங்கி வெடிப்புவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே தாளைக் கழுவுங்கள். தட்டின் ஓரங்களை மாறிமாறித் தூக்கி மெல்ல அசையுங்கள். முதலில் வானமும் வெள்ளைச் சுவர்களும் கறுக்கும். நிழற்பகுதியின் விவரங்கள் தெரியத் தொடங்கிய பிறகும் சற்று விடுங்கள், ஏனெனில் படத்தை நிலைப்படுத்தும் திரவமான ஹைப்போவுக்குப் பின் நெகட்டிவ் இப்போது தெரிவதைவிட மெலிந்து காணப்படும். சமையல் வினிகர் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து அரை நிமிடம் முக்கி, பின் ஹைப்போவுக்கு மாற்றுங்கள். பால்போன்ற மங்கல் மறைய எவ்வளவு நேரம் ஆனதோ, அதே அளவு நேரம் மேலும் விடுங்கள். அதன்பின் நீரை மாற்றி மாற்றி அலசி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் முக்கித் தொங்கவிடலாம்.

பிற்சேர்க்கை

இம்முறையைப் பின்பற்றிய சிலர் தெரிவித்தவற்றால் மூன்று செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது, கீறல். இருபுறமும் பூச்சு இருப்பதால், தட்டின் அடியிலுள்ள வரிகளில் உரசிக் கீழ்ப்பக்கம் கீறிவிடுகிறது. தட்டின் அடியில் விளிம்பு மழுக்கிய கண்ணாடித் துண்டை வைத்தால் இது தீரும்.

இரண்டாவது, கடலூரிலிருந்து வந்தது. எக்ஸ்ரே பிலிம் என்று கேட்டு வாங்கியதில் படமே விழவில்லை என்றார் ஒருவர். அவருக்குக் கொடுக்கப்பட்டது, ஸ்கேன் நிலையங்களின் அச்சுப்பொறியில் வெப்பத்தால் படம் பதிக்கும் டிரை பிலிம். அது நம் வேலைக்கு ஆகாது. கடையில் "டெவலப்பரில் கழுவும் வெட் பிலிம், பச்சை உணர்வு" என்று தெளிவாகக் கேளுங்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' எக்ஸ்ரே பிலிம் பழைய இருப்பாகக் கிடைத்தால், பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிலிமில் புகைமூட்டம் ஏறியிருக்கும்.

மூன்றாவது, பயன்படுத்திய ஹைப்போ. அதில் வெள்ளி கரைந்திருப்பதால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் சேர்த்துவையுங்கள். பழைய எக்ஸ்ரே பிலிம்களை வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் இதையும் எடுத்துக்கொள்வதுண்டு.