1740-களில் கப்பலேறி வந்த ஜெர்மன் மூதாதையைத் தேடுவது எப்படி?

என் மருமகள் பென்சில்வேனியாக்காரி. அவள் அப்பா வழியில் யாரோ ஒருவர் 1740-களில் ஜெர்மனியிலிருந்து வந்தார் என்பது மட்டும்தான் அந்த வீட்டில் தெரியும். பேரனுக்குப் பள்ளியில் வம்ச மரம் வரைந்து வரச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற தாத்தாவுக்கு வேறென்ன வேலை, நான் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஆறு மாதம் வீண். நேராகக் கப்பல் பட்டியலுக்குப் போனதுதான் காரணம். பெயர் கிடைத்ததும் துள்ளிக் குதித்தேன். அப்புறம் பார்த்தால், பத்து வருடத்துக்குள் அதே பெயரில் மூன்று பேர் பிலடெல்பியாவில் இறங்கியிருக்கிறார்கள்! எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: வீட்டிலிருந்து பின்னோக்கி நடங்கள்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் வருவது 1850-லிருந்துதான். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. ஆகவே 1850-ஐத் தொட்டபின் வேறு காகிதங்கள் வேண்டும்.

குடும்ப பைபிளின் வெற்றுத் தாள்களைப் பாருங்கள். பிறப்பு, திருமணம், சாவு எல்லாம் அங்கே எழுதியிருக்கலாம். இன்னொன்று, பறவையும் டூலிப் பூவும் வரைந்த வண்ண ஞானஸ்நானச் சான்றிதழ். டௌஃப்ஷைன் என்பார்கள். பெற்றோர் பெயரோடு, பல சமயம் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும். சம்பந்தி அம்மா வீட்டில் அது கூடத்துச் சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை.

படி 2: பெயரை அவிழ்த்துப் பாருங்கள்

பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம் என்று மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். யோஹான் என்பது எல்லோருக்கும் பொது. நம் வீடுகளில் குலசாமி பெயரை முன்னால் வைத்துவிட்டு வேறு பெயரால் கூப்பிடுவோமே, அந்த மாதிரி. கூப்பிடும் பெயர் இரண்டாவதுதான். ஆனால் 'யோஹான்னஸ்' என்று தனியாக இருந்தால் அதுவே கூப்பிடும் பெயர்.

பெண்ணின் குடும்பப் பெயரில் 'இன்' சேரும். பெக்கர் வீட்டுப் பெண் பெக்கரின். அதை வேறு குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் பெயரை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்: ட்ஸிம்மர்மான் கார்பென்டர் ஆனார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார். சிலர் ஒலியை மட்டும் மாற்றினார்கள்: ஜனாதிபதி ஹூவரின் முன்னோர் ஹூபர், ஐசன்ஹோவரின் முன்னோர் ஐசன்ஹவர்.

இனி நமக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். வந்தவர்களில் பலர் பேசிய தென்மேற்கு ஜெர்மன் பேச்சிலோ B-யும் P-யும், D-யும் T-யும், K-யும் G-யும் ஒன்றோடொன்று குழம்பும். ஒரே பெக்கர் ஒரு காகிதத்தில் B-யில் தொடங்குவார், இன்னொன்றில் P-யில். ஒரே க்ரைடர் K, C, G என்று மூன்று எழுத்திலும் கிடைப்பார். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துத் தேடத் தேடுபொறிகள் வைத்திருக்கும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வதால், இந்த இடத்தில் கோட்டை விடும். தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே பெக்கர், ஒரே க்ரைடர்! குடும்பப் பெயரை முதலில் தமிழில் எழுதுங்கள். அதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் ஒரு நோட்டில் போட்டு, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எனக்குப் பதினொரு எழுத்துக்கூட்டல் வந்தது. ஆள் கிடைத்தது ஒன்பதாவதில்.

படி 3: சர்ச் ஏடும் நிலப் பத்திரமும்

லூத்தரன், ரிஃபார்ம்டு என்ற இரு சபையாரும் பல ஊர்களில் ஒரே கட்டடத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எனவே இரண்டு சபைகளின் ஏடுகளையும் பாருங்கள். ஞானப் பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயரை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் உறவினர் அல்லது சொந்த ஊர்க்காரர். கடைசிப் படியில் இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

(1742-ல் பென்சில்வேனியா வந்த லூத்தரன் போதகர் முஹ்லன்பெர்க்கை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃப்ராங்கே நிறுவனம். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் அந்த ஹாலே வட்டத்தைச் சேர்ந்தவரே. இரு நாட்டுக் கடிதங்களும் இன்று அங்கே ஒரே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.)

நிலத்துக்கு மூன்று காகிதம்: அளக்க அனுமதி தரும் வாரன்ட், அளந்த சர்வே, கடைசியாகப் பேட்டன்ட். பேட்டன்டை நம் ஊர்ப் பட்டா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஹாரிஸ்பர்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன. உயில் மட்டும் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி). எந்தக் கவுன்டி என்பதில் கவனம்: பெர்க்ஸ் கவுன்டி பிறந்ததே 1752-ல். அதற்கு முந்தைய உயிலை லங்காஸ்டரிலோ பிலடெல்பியாவிலோ தேட வேண்டியிருக்கும்.

படி 4: இப்போது கப்பல் பட்டியல்

1727-லிருந்து பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை உண்டு: கப்பல் தலைவர் கொடுத்தது ஒன்று, உறுதிமொழிப் பட்டியல்கள் இரண்டு. பெண்களும் குழந்தைகளும் இவற்றில் அனேகமாக இருக்க மாட்டார்கள்.

கையெழுத்துகளின் நகல்களோடு இவை 1934-ல் அச்சாகின. எழுதத் தெரியாதவர் ஒரு குறி போடுவார், பெயரை எழுத்தர் எழுதுவார். ஒரே பெயரில் இறங்கிய எங்கள் மூவரில் இருவர் குறி போட்டவர்கள். படி 3-ல் கிடைத்த உயிலிலோ ஜெர்மன் எழுத்தில் அழகான கையெழுத்து. மிஞ்சியவர் ஒருவர்தான்.

வந்த வருடத்துக்கும் நிலம் வாங்கிய வருடத்துக்கும் பெரிய இடைவெளி இருந்தால் பயப்படாதீர்கள். கப்பல் கட்டணம் இல்லாதவர்கள் சில ஆண்டுகள் ஒரு எஜமானரிடம் உழைத்துக் கடனைக் கழித்தார்கள்.

படி 5: ஜெர்மன் கிராமம்

ஆவணத்தில் 'பாலட்டைன்' என்று இருந்தால் தென்மேற்கு ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதி ஊர்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஆங்கிலேயர்கள் வந்த ஜெர்மானியரை எல்லாம் அப்படித்தான் அழைத்தார்கள். ஞானப் பெற்றோரையும், கப்பல் பட்டியலில் பக்கத்தில் கையெழுத்திட்டவர்களையும் சேர்த்துத் தேடுங்கள். மூன்று நான்கு குடும்பப் பெயர்கள் ஒரே கிராமத்தில் சந்தித்தால் அதுதான் ஊர். ஏடுகளைப் பார்க்க ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம் இலவசம். புராட்டஸ்டன்ட் ஏடுகளுக்கு ஆர்கியோன், அது கட்டணத் தளம். ஏடுகள் குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்தில் இருக்கும். இரண்டு வாரம் எழுதிப் பழகினால் பெயர்களையாவது படிக்க முடியும்.

ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் ஏட்டை மூடிவிடாதீர்கள். அடுத்த இருபது வருட அடக்கப் பதிவுகளையும் புரட்டுங்கள். குழந்தை இறந்துபோனால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது அங்கே சாதாரணம். நான் 1719-ல் கண்டுபிடித்த பையன் இரண்டு வயதில் இறந்திருந்தான். கப்பலேறியவர் 1722-ல் பிறந்த தம்பி.