'ஃப்ரீ சோலோ'வைப் பதறாமல் பார்ப்பது எப்படி

மொட்டை மாடிச் சுவரோரம் நின்றாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். 'ஃப்ரீ சோலோ' ஆவணப்படத்தை முதல் முறை பார்த்தபோது பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நான்கு முறை பார்த்தாகிவிட்டது. எப்படிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாம் முறைதான் பிடிபட்டது.

முடிவைத் தெரிந்துகொண்டே உட்காருங்கள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள எல் கேப்பிடன் பாறையில், 2017 ஜூன் 3 அன்று, பாறையேறும் வீரர் அலெக்ஸ் ஹானல்ட் கயிறில்லாமல் ஏறினார். சுமார் 900 மீட்டர் உயரம். 3 மணி 56 நிமிடத்தில் பத்திரமாக உச்சியை அடைந்தார். இது தெரிந்துவிட்டால், விழுந்துவிடுவாரோ என்ற படபடப்பு குறைந்து, அவர் கைகால்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க முடியும்.

அப்புறம், நேராக ஏறும் காட்சிக்கு ஓட்டிவிடாதீர்கள். படத்தின் உயிரே அதற்கு முந்தைய ஒத்திகைகளில்தான். கயிறு கட்டிக்கொண்டு அதே பாறையில் திரும்பத் திரும்ப ஏறி, ஒவ்வொரு அசைவையும் மனப்பாடம் செய்கிறார். 'போல்டர் பிராப்ளம்' என்ற மிகக் கடினமான இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சின்னஞ்சிறு புடைப்பில் ஒரு கட்டைவிரலை அழுத்தி, அங்கேயே மற்ற கட்டைவிரலை மாற்றி வைத்து, இடது காலை எதிர்ப்பக்கச் சுவருக்கு உதைப்பது போல வீச வேண்டும். நான் மேசை விளிம்பில் கட்டைவிரலை ஊன்றி உடம்பைச் சாய்த்துப் பார்த்தேன். உடனே விரல் நடுங்கிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள், காட்சி வேறு மாதிரி தெரியும்.

கேமராக்காரர்களையும் கவனியுங்கள். அவர்களும் பாறை ஏறுகிறவர்கள், ஹானல்டின் நண்பர்கள். 'போல்டர் பிராப்ளம்' இடத்தில் அவர் கவனம் சிதறக் கூடாதென்று ஆளில்லாமல் இயங்கும் கேமரா வைத்தார்கள். கீழே நின்று படம்பிடிக்கும் மைக்கி ஷேஃபர், பார்க்க மனமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பிள்ளைகளோடு பார்த்தால், 2016-ல் ஹானல்ட் முயன்று பாதியில் திரும்பிய காட்சியைத் தவறவிடாதீர்கள். அவர் திரும்பிய இடம் பிடிப்பே இல்லாத வழுக்குப் பாறை. காலணி ரப்பரின் உராய்வை மட்டுமே நம்பி நிற்க வேண்டும். ஒத்திகையில் விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டதும் அந்தப் பகுதியில்தான். கயிறில்லாமல் கிளம்பியவர், அங்கே மனசு ஒப்பாமல் திரும்பிவிடுகிறார். இத்தனை பேர் கேமராவோடு காத்திருந்தும்!

"திரும்பி வந்ததுக்கு யாரும் அவரைத் திட்டலையாம்மா?" என்று என் மகள் கேட்டாள். "இல்லடா" என்றேன். அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னாள்.